தங்க உறுப்பினருக்கு மட்டும்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் சும்மா காட்ட மனசு வராது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தாலே, உறுப்பினராகச் சேர் என்பார்கள். சின்னக்காளைக்கு அந்த எரிச்சல் சொந்த வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

அவர் மகன் பூபதி வீட்டில் இணையதளம் கட்டிக்கொண்டிருந்தான். கொத்தனார்கள் லிண்டல் மட்டம் வரை எழுப்பியிருந்தார்கள். முன்னறை இலவசம். நடை வெள்ளி. கடைசி அறை தங்கம்.

தங்க அறையில் சின்னக்காளையின் மனைவி பேச்சியம்மாள் படுத்திருந்தாள். ஆட்கள் சந்தா கட்டி வருவதே அவள் பேச்சைக் கேட்கத்தான் என்றான் பூபதி. நாற்பத்தாறு வருஷம் அதை ஓசியில் கேட்டவர் சின்னக்காளை. அதையும் பாதிதான் கேட்டார்.

இலவச ஆளுக்கு அவள் பேச்சின் தொடக்கம் மட்டும் கிடைக்கும்.

"ஏங்க, போறதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லிப்புடணும். நம்ம கல்யாணமான வருஷம்..."

அதோடு கதவு சாத்திக்கொள்ளும். மீதிக்கு உறுப்பினராகவும் என்று கதவே சொல்லும். பதினொரு நாளாக இதே கதை. அவள் குரல் தினமும் கொஞ்சம் இளைத்து வந்தது. அந்த மீதியைக் கேட்டாக வேண்டும் அவருக்கு.

அன்று பக்கத்து வீட்டு டெய்லர் இருதயராஜ் உள்ளேயிருந்து வந்தார். அவர் தங்கம். கண் சிவந்திருந்தது.

"என்னய்யா சொன்னா?"

"வெளியில சொல்லக் கூடாதுண்ணே. விதி. ஆனா அருமையா முடிச்சாங்க."

"எம் பொண்டாட்டிய்யா அவ."

"அதுக்குத் தனிச் சலுகை எதுவும் போடலையே."

சின்னக்காளை மகனைத் தேடிப் போனார். நடை நேற்றைவிட நீண்டிருந்தது. போய்ச் சேரும்போது பூபதிக்கு நரைத்திருந்தது. உறுப்பினர் ஃபாரத்தை நீட்டினான்.

"உங்கம்மா பேசுறதக் கேக்க எனக்கு எதுக்குடா ஃபாரம்?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதாம்ப்பா. பெருவிரல வைங்க."

வைத்தார். ரேகை விழவில்லை. சினிமாக் கொட்டகை வாசலில் நாற்பது வருஷம் டிக்கெட் கிழித்த விரல். தரை, பெஞ்சு, சேர், பால்கனி என்று எல்லா வகுப்பையும் கிழித்துத் தேய்ந்துபோனது.

"ரேகை இல்லப்பா. நீங்க இன்னும் பொறக்கலைன்னு காட்டுது."

"அப்ப உன்ன யாருடா பெத்தது?"

"அந்தப் பக்கத்த இன்னும் கட்டல."

சின்னக்காளை ஃபாரத்தைக் கையில் எடுத்தார். தாள் வந்தால் அந்தக் கைக்கு ஒரு வேலைதான் தெரியும். இரண்டாகக் கிழித்தார். பாதியை மகனிடம் நீட்டினார்.

பூபதி அதைக் கம்பியில் குத்தி வைத்தான். "சரி. நீங்க உள்ள போயாச்சு."

"நான் இங்கதானடா நிக்கிறேன்."

"கிழிச்சாச்சுல்ல. கிழிச்சா உள்ள போனதாத்தான் அர்த்தம். உங்களுக்குத் தெரியாததா?"

தங்க அறையின் சாத்திய கதவுக்குப் பின்னால் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஓர் இருமல் கேட்டது. அது சின்னக்காளையின் இருமல்.

"வந்துட்டீங்களா," என்றாள் பேச்சியம்மாள். "நம்ம கல்யாணமான வருஷம்..."

சின்னக்காளை கதவைத் தள்ளினார். நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள் என்றது கதவு.

உள்ளே அவள் பேசிக்கொண்டே போனாள். சொல் எதுவும் பிடிபடவில்லை. குரல் ஓடுவது மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் நின்றது. உள்ளேயிருந்த ஆள் "ம்" என்றார்.

"அம்மா முடிச்சுட்டாங்க," என்றான் பூபதி. "திருப்திதானப்பா?"

"உள்ள இருக்கிறவன் ஒழுங்காக் கேட்டிருக்க மாட்டான்டா. அவன எனக்குத் தெரியும்."

பாதித் தாளைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். நடை இன்னும் நீண்டுகொண்டிருந்தது.