ஒரே வீட்டில் இரண்டு பேர்

ஒரு பெண் தன் வீட்டில் தனியாக இந்தத் தொழில் செய்தால் குற்றமில்லை. இரண்டு பேர் சேர்ந்து செய்தால் அந்த வீடு விபசார விடுதி. பெண்களின் பாதுகாப்புக்காகத்தான் இப்படி வைத்திருக்கிறோம் என்றது சட்டம்.

அக்காவும் ரேடியோவும் பல வருடம் ஒரே வீட்டில் இருந்தார்கள். கூடப் பிறந்தவர்கள் இல்லை. வாய் ஓயாதவள் என்பதால் சின்னவளுக்கு ரேடியோ என்று பேர். ஒருத்தி அறைக்குள் இருக்கும்போது மற்றவள் சமையலறையில் இருப்பாள். கழுவப் பாத்திரம் இல்லாவிட்டாலும் குழாயைத் திறந்துவிடுவாள், தட்டுகளை உரசுவாள். வீட்டில் ஆள் இருக்கிறது என்று வந்தவனுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் காவல்.

அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்கு சீல் வைத்தார்கள். வீட்டுக்காரர் பயந்துபோய், "ஒருத்தர்தான் இருக்கணும்" என்றார்.

"சட்டப்படியே இருந்துட்டுப் போவோம்டி," என்று சொல்லிவிட்டு அக்கா வேறு வீடு பார்த்துப் போனாள்.

அந்த மாதமே ஒருவன் ரேடியோவின் கழுத்தை நெரித்தான். உயிர் தப்பியது. குரல் போய்விட்டது. அவன் ஓடும்போது வண்டி நம்பரைப் பார்த்து வைத்திருந்தாள்.

போலீஸ் அவனைப் பிடித்து வந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தது. இவளை முன்னே பின்னே பார்த்ததே இல்லை, அந்த வீடு எங்கே இருக்கிறதென்றே தெரியாது என்று அவன் சாதித்தான்.

"நீ அவனை எங்கம்மா பார்த்தே?" என்று, ரேடியோவோடு சாட்சி சொல்ல வந்திருந்த அக்காவைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"எங்க வீட்டுல. போன வருஷம் ரெண்டு தடவை வந்தான். கதவைத் திறந்துவிட்டதே நான்தான்."

பேனா நின்றது.

"அப்ப அங்க ரெண்டு பேர் இருந்தீங்க. யோசிச்சுப் பேசு. இதை எழுதினா அவன்மேல ஒரு கேஸ், விடுதி நடத்தினதா உங்க ரெண்டு பேர்மேல ஒரு கேஸ்."

"எழுதலைன்னா?"

"அவ ஒண்ணு சொல்றா, அவன் ஒண்ணு சொல்றான். சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுவான்."

ரேடியோ அக்காவின் கையைக் கிள்ளினாள். பேச்சு காற்றாகத்தான் வந்தது. "வேணாம்க்கா. கிளம்பு."

"தொண்டை போயும் இவ பேச்சு போகலை பாருங்க சார்."

ரேடியோ சிரிக்கப் போய், வலியில் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். விரல்தடம் இன்னும் கறுப்பாக இருந்தது. அக்கா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எழுதுங்க. அந்த ரெண்டு தடவையும் நான் சமையலறையில இருந்தேன். ரெண்டு தடவையும் அவன் கை நீட்டலை. நான் போனப்புறம்தான் நீட்டினான்."

அவர் எழுதினார்.

"படிச்சுக் காட்டுங்க."

படித்தார். கடைசி இரண்டு வரி அதில் இல்லை.

"கை நீட்டலைன்னு சொன்னேனே?"

"அது இந்தக் கேசுக்குத் தேவையில்லம்மா."

"என் கேசுக்குத் தேவை. ஜட்ஜ் படிக்கட்டும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் நீட்டிய பேனாவை அவள் தொடவில்லை. அந்த இரண்டு வரியையும் அவர் எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போட்டாள்.

பெஞ்சில் இருந்தவன் எழுந்தான்.

"உட்காருடா," என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு அக்காவிடம், "நீயும் உட்காரும்மா. இப்போதைக்குப் போக முடியாது."

"போறதுக்கா வந்தேன்?" என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.