இனிஷியலுக்குப் பின்னால் ஒரு புள்ளி

குட்டிக்குச் செவ்வாய்க்கிழமையோடு ஒரு வயது முடிகிறது. பாஸ்போர்ட் எதுவும் எடுக்காமலே அந்தப் பொடிசுக்கு ஏற்கெனவே இரண்டு நாடுகள்: பிறந்தது ஒன்று, அப்பாவுடையது ஒன்று. பாக்கி அம்மாவின் நாடு. ஒரு வயதுக்குள் தூதரகத்தில் பதியாவிட்டால் அப்புறம் தலைகீழாக நின்றாலும் நடக்காது என்று சொல்லியிருந்தார்கள். இன்று வியாழன். அம்மா பிறந்த வீட்டுக்குப் போக மட்டும் மகள் விசா கேட்டு நிற்பதா என்று குட்டியின் அம்மா காலையிலேயே கணவனையும் இழுத்துக்கொண்டு தூதரகத்துக்கு வந்துவிட்டாள்.

ஏழாம் நம்பர் ஜன்னலில், கண்ணாடிக்கு அடியில் கை நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. பேசுவதென்றால் குனிந்துதான் பேச வேண்டும். உள்ளே இருந்த அதிகாரி அம்மாள் பிறப்புச் சான்றிதழையும் அவளுடைய பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தமிழாம்மா?"

"ஆமா மேடம்."

"அப்ப நேராவே சொல்லிடறேன். சர்டிபிகேட்ல அம்மா பேர் ரெண்டு வார்த்தை. உங்க பாஸ்போர்ட்ல ஒண்ணுதான் இருக்கு. இது வேற ஆளு."

"நான்தான் மேடம் பெத்தேன்."

"நீங்கதான்னு எனக்குத் தெரியுது. பேப்பருக்குத் தெரியணுமே."

எல்லாம் அந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் செய்த வேலை. குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. எங்களுக்கு அது கிடையாது என்றாள் இவள். எல்லாருக்கும் இருக்குமே என்று நர்ஸ் பரிதாபமாகப் பார்த்தாள். பிரசவ வலியில் விளக்கிக்கொண்டிருக்கத் தெம்பில்லாமல் தன் அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று நாள் வார்டே அவளை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டது. "புள்ள பெத்தது நீ, பேரு எனக்கா?" என்று போனில் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"திருத்தி வாங்கிட்டு வாங்க" என்றார் அதிகாரி அம்மாள்.

"ஆறு வாரம் ஆகுமாம் மேடம். அஞ்சு நாள்தான் இருக்கு."

பக்கத்தில் குட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற கணவன் ஜன்னலுக்குக் குனிந்தான். அவனுக்குத் தெரிந்தது நாற்பது தமிழ் வார்த்தை. எல்லாம் மாமனாரோடு வீடியோவில் பேசிக் கற்றது.

"கொஞ்சம் பாத்துச் செய்ங்க" என்றான்.

"யாரு சொல்லிக் குடுத்தா இவருக்கு?"

"மாமா" என்றான் பெருமையாக.

அதிகாரி அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். தந்தை பெயர் என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு முன்பக்கத்துக்கு வந்து கையெழுத்தைப் பார்த்தார். தமிழ்க் கையெழுத்து. ஆறாம் வகுப்பில் பழகியது, அதற்குமேல் வளரவே இல்லை. வங்கியில் அதை நீட்டும்போதெல்லாம் அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

"முன்னாடி ஒரு எழுத்து போட்டுப் புள்ளி வச்சிருக்கீங்களே, என்னது?"

"இனிஷியல் மேடம். அப்பா பேரோட மொத எழுத்து."

"அப்ப சர்டிபிகேட்ல வந்திருக்கற ரெண்டாவது பேரு இந்தப் புள்ளிக்குள்ளதானே இருக்கு?" அவர் ஒரு வெள்ளைத்தாளை இடைவெளி வழியாகத் தள்ளினார். "ரெண்டு பேரும் ஒருத்தியேன்னு எழுதி, இதே மாதிரி கையெழுத்துப் போடுங்க. புள்ளிய விட்டுடாதீங்க. மேல கேட்டா நான் சொல்லிக்கறேன்."

அவள் எழுதினாள். விட்டுவிடக் கூடாதென்று அழுத்தியதில் புள்ளி கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.

அடுத்து குட்டியின் கட்டைவிரல் ரேகை வேண்டும். மகாராணி கையை இறுக்கி மூடிக்கொண்டாள். கணவன் கெஞ்சினான், ஊதினான், பாட்டுகூடப் பாடினான். கடைசியில் அதிகாரி அம்மாள் தன் பேனா மூடியை இடைவெளி வழியாக நீட்டினார். அதைப் பிடிக்க விரல்கள் விரிந்த நொடியில் வேலை முடிந்தது. கட்டத்தின் கோட்டைக் கொஞ்சம் மிதித்துக்கொண்டு ஒரு நீலப் பொட்டு.

"கோட்டுல பட்டுடுச்சு மேடம்."

"பரவால்ல, விடுங்க." ரசீதில் தேதி முத்திரை விழுந்தது. அந்தச் சத்தத்தில் குட்டி சிரித்தாள்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"முடிஞ்சுதுப்பா."

அந்தப் பக்கம் பெருமூச்சு. பிறகு, "நாம படிச்சுப் பட்டம் வாங்கி, இவ கைநாட்டுல ஆரம்பிக்கிறாளாக்கும்."

"போங்கப்பா."

"அதிருக்கட்டும். பெரியவளாகி கையெழுத்துப் போடறப்ப இனிஷியல் யாரோடது? உன்னோடதா, மாப்பிள்ளையோடதா?"

அவள் குட்டியைப் பார்த்தாள். அது நீல விரலை வாயில் வைக்கப்போனது, பிடித்துத் துடைத்தாள்.

"மூணு நாடு இருக்குப்பா அவளுக்கு. மூணு புள்ளி வச்சுக்கட்டும்."