கதவில் என் மூஞ்சி

இந்த ஊருல கலைய வளர்க்குறோம்னு கூட்டம் போடுறவங்களுக்கு மட்டும் பஞ்சமே இல்ல. நானும் ஏழு கூட்டத்துக்குப் போயிட்டேன். மாக் மண்டின் ஃபேக்டரில ஷிப்ட் முடிச்சு, பட்டர்வொர்த்துல ஃபெரி ஏறி, வேர்வையோட போய் உக்காருவேன். தின்ன சூடா கறிபாப் குடுப்பாங்க. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். கூட்டம் போடுற கமிட்டி கையில ஒரு மண்டபம் இருக்கு, வருஷம் பூரா பூட்டியே கிடக்கு. அதோட சாவி. சனிக்கிழமை மூணு மணி நேரம் எங்க குழு நாடகம் பழகணும், அவ்வளவுதான்.

"நல்ல ஐடியா, லோகேஸ்வரி அக்கா"ன்னுவாரு கமிட்டித் தலைவர் புவனேஸ்வரன். எழுதியும் வெப்பாரு. எழுதுனதோட சரி.

ரெண்டு வருஷமா கார் பார்க்குலதான் பழகுறோம். மழை வந்தா வசனம் பாதில நிக்கும். பதினஞ்சு பேரா இருந்தோம், இப்ப பதினொண்ணு. "இந்த மாசமும் இடம் இல்லன்னா நானும் வரலக்கா"ன்னு ஃபாத்தின் சொல்லிட்டா. முக்கிய வேஷம் அவளுக்குத்தான். அவ போனா குழுவே போச்சு.

போன வாரம் புவனேஸ்வரன் ஃபோன் பண்ணாரு. "சனிக்கிழமை எல்லாரையும் மண்டபத்துக்குக் கூட்டிட்டு வாங்கக்கா, சர்ப்ரைஸ் லா!"

போனோம். முன்சுவர் முழுக்க ஓவியம். எங்க நாடகக் குழுவாம்! நடுவுல நான், வாயப் பொளந்துகிட்டு. ரெண்டு கதவும் சேர்ற இடத்துல சரியா என் மூக்கு. டூரிஸ்டுங்க வரிசைல நின்னு படம் எடுத்துகிட்டு இருந்தாங்க.

"பாத்தீங்களாக்கா, இனிமே நம்ம கலை நிலைச்சு நிக்கும்"னு சொல்லி, கவர்ல போட்டுச் சாவியும் குடுத்தாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

"கதவ மட்டும் தொறந்துராதீங்கக்கா. இடுக்குல எல்லாம் பெயிண்ட் இறங்கி ஒட்டிகிட்டு இருக்கு. தொறந்தா படம் உரிஞ்சிரும்."

"அப்புறம் சாவி எதுக்குய்யா?"

"நீங்கதானே கேட்டீங்க!"

பல்லக் கடிச்சேன். வானம் வேற இருட்டிகிட்டு வந்துச்சு. ஃபாத்தின் பைய தோள்ல மாட்டிகிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் பாத்தா.

சாவியப் போட்டுத் திருப்பி, தோளால விட்டேன் ஒரு இடி. பொலபொலன்னு பெயிண்ட் உதிர்ந்துச்சு. "ஐயையோ, திறப்பு விழா நாளைக்குத்தானே!"ன்னு புவனேஸ்வரன் தலையில கை வெச்சுகிட்டாரு.

"அக்கா, உங்க மூக்கு போச்சு"ன்னா ஃபாத்தின்.

"போனாப் போவுது. உள்ள போயி ஃபேனப் போடு."