போர் போட வந்தவர்கள்

காமயகவுண்டன்பட்டியில் போர் போடுவது என்றால் ஒரே அர்த்தம்தான், தண்ணீருக்குத் துளை போடுவது. பால்குடி மறக்காத பிள்ளையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும். அதனால்தான் 2003 கோடையில் சுந்தரலிங்கம் என்கிற கம்பெனி அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கி, "உங்க தோட்டத்துல ஒரு போர் போடணும்மா, செலவெல்லாம் எங்களுது" என்றபோது ரம்லத் மறுபேச்சுப் பேசவில்லை.

மழை பொய்த்த வருஷம். கிணறு அடிமட்டத்தில் கிடந்தது. பந்தலில் திராட்சைக் கொடிகள் இலை சுருண்டு நின்றன. இன்னும் கொஞ்ச நாள் தண்ணீர் காட்டாவிட்டால் வேரோடு காய்ந்துவிடும். கணவர் அப்துல் வாஹித் குமுளியில் ஏலக்காய்க் கடையே கதியென்று கிடப்பவர். தோட்டம் முழுக்க அவள் பொறுப்பு.

"கும்புடப் போன சாமி குறுக்க வந்த மாதிரில்ல இருக்கு" என்றார் பக்கத்துத் தோட்டத்து மொக்கைச்சாமி.

"எல்லாம் அல்லா கருணைண்ணே" என்றாள் ரம்லத்.

மெஷின் வந்தது. அது தண்ணீரைக் குடித்துக்கொண்டே துளை போடுகிற மெஷின். அவள் கிணற்றிலேயே குழாயை இறக்கி, கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினார்கள். போனால் போகட்டும், புதுத் தண்ணீர் வரப்போகிறதே என்று அவளே மோட்டார் போட்டுவிட்டாள். வெயிலில் வேலை செய்கிற பிள்ளைகளாயிற்றே என்று மோர் கரைத்துக் கொடுத்தாள். உள்ளேயிருந்து உருளை உருளையாகக் கல்லை எடுத்து மரப்பெட்டியில் அடுக்கியது மட்டும் அவளுக்கு உறுத்தியது.

"கல்லை எதுக்கு சார் சேத்து வைக்கிறீக?"

"கரி இருக்கான்னு பார்க்கணும்ல?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து இந்தப் பள்ளத்தாக்கில் நிலக்கரி தேடுகின்றனவாம். தண்ணீர் என்கிற நினைப்பே அவர்களுக்குக் கிடையாதாம். ரம்லத் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"போர் போடணும்னுதானே சொன்னீக?"

"போர்தானேம்மா போடுறோம்" என்றார் சுந்தரலிங்கம், சிரித்துக்கொண்டே. அந்தச் சாமர்த்தியத்தில் இடி விழ.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதாகச் சொல்வார்கள். இங்கே பூதம் தேடியவனுக்குத் தண்ணீர் கிளம்பியது. மறுநாள் காலையில் போர்க் குழாய் வாய் நிறைந்து தானாகவே வழிந்தது. ரம்லத் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். இளநீர் மாதிரி இருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

சுந்தரலிங்கம் பெட்டியிலிருந்த கற்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கரி இல்ல. சிமெண்டு ஊத்தி மூடிடுங்க" என்று ஆட்களிடம் சொன்னார்.

"மூடப் போறீகளா? தண்ணி வருதுல்ல சார்."

"அது எங்க வேலை இல்லம்மா. துளை போடுறதுதான் நாங்க. மூடச் சொல்றது கூட்டாளிக் கம்பெனி. அவங்ககிட்ட பேசுங்க."

அவர் செல்லிலேயே அவர்களிடம் பேசினாள். தோட்டத்துப் பேச்செல்லாம் சுந்தரலிங்கம் சாரோடுதான், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டார்கள். களவாணிகள் கூட்டுச் சேர்ந்தால்கூட அதில் ஒரு நாணயம் இருக்கும். இந்தக் கூட்டில் அதுவுமில்லை.

அவள் செல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பார்த்தால், ஆட்கள் குழாயில் வழிகிற தண்ணீரையே வாளியில் பிடித்துச் சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்தார்கள்.

ரம்லத் முக்காட்டை இழுத்துச் செருகினாள். நேரே போய் ஒரே உதையில் சிமெண்டுச் சட்டியைக் கவிழ்த்தாள். "என் தண்ணியக் கொழச்சு என் தண்ணியவே அடைக்கிறீகளா? ஒங்க வீட்டுல சோறுதான் திங்கிறீகளா?"

ஆட்கள் வாளியை வைத்துவிட்டு ஒதுங்கினார்கள். அவள் மண்வெட்டியை எடுத்துக் குழாயடியிலிருந்து பந்தல்வரைக்கும் வாய்க்கால் இழுக்கத் தொடங்கினாள். வரப்பில் நின்று பார்த்த மொக்கைச்சாமி, தன் மண்வெட்டியோடு வந்து மறுமுனையிலிருந்து வெட்டினார்.

"போலீசக் கூப்பிடுவேன்" என்று கத்திய சுந்தரலிங்கம், தானே கரண்டியை எடுத்து மிச்சச் சிமெண்டை வழித்துக்கொண்டு குழாய் வாயில் கை வைத்தார். ரம்லத் மண்வெட்டியை அவர் காலடியில் ஊன்றினாள்.

"நீ தேடுனது இங்கன இல்லேல்ல, கெளம்பு. நான் தேடுனது வந்திருச்சு. எடுய்யா கைய."

அவர் கையை எடுத்தார். தண்ணீர் பந்தலுக்குப் போயிற்று.