குருத்து வரைக்கும்

தண்ணீர் மொள்ளப் புறக்கடைக்கு வந்த ரேணுகாம்பாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். சுவரோரம் அக்கா வரிசையாக வைத்திருந்த சோற்றுக்கற்றாழைத் தொட்டிகளில் ஒன்றில்கூட மடல் இல்லை. எல்லாம் அடியோடு அறுபட்டிருந்தன.

அக்கா லோகாம்பாள் அந்தச் செடிகளை யாரையும் தொட விடமாட்டாள். பாலாற்று மணல் கலந்து, பக்கக் கன்றுகளைப் பிரித்து நட்டு, வாரம் ஒருமுறை அளவாகத் தண்ணீர் விடுவாள். "ஓரத்து மடலைத்தான் அறுக்கணும். குருத்துல கத்தி பட்டா செடி போச்சுடி" என்பாள். இப்போது குருத்தும் இல்லை.

அம்மியருகே ஒரு கிண்ணம். விளிம்பில் கற்றாழையின் மஞ்சள் நிறப் பால் காய்ந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். தொண்டை வரைக்கும் கசந்தது.

வாதத்தில் விழுந்து நாலு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தவள் அக்கா. வாய் பேச வராது. தென்னேரியிலிருந்து ரேணுகா மூன்று முறை வந்து பார்த்தாள். மூன்று முறையும் அக்காள் புருஷன் வீரபத்திரன் அவளைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரைமணி கழித்துத்தான் பார்க்கவிட்டார். அக்காவின் கண்ணில் நீர் வழியும். அதற்கு என்ன அர்த்தம் என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போவாள். இன்று விடியலில் அக்கா போய்விட்டாள் என்று ஆள் வந்து சொன்னபோது, அழுகைக்கு முன்னால் அந்தக் கதவுதான் நினைவுக்கு வந்தது.

கூடத்தில், பாவு நூல் ஏற்றாமல் வெறுமனே கிடந்த தறியருகே வீரபத்திரன் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, கத்தாழையெல்லாம் யாரு அறுத்தது?"

"நான்தாம்மா."

"எதுக்கு?"

அவர் தலை குனிந்துகொண்டார்.

ரேணுகா தன் புருஷன் அர்ஜுனனைச் சந்துக்கு அழைத்துப்போனாள். "அந்தாளு அக்காவுக்கு எதையோ அரைச்சு ஊத்திக்கினு இருந்திருக்காரு. நீங்க ஸ்டேஷன்ல போயி சொல்லணும்."

"யோசிச்சுதான் சொல்றியா?"

"குளிப்பாட்டக் கூப்புடறாங்க. உடம்பை ஒருவாட்டி பாத்துட்டு வந்துர்றேன். சைக்கிளை எடுத்து வைங்க."

பெண்கள் பழஞ்சேலையைத் திரையாகப் பிடித்தார்கள். பக்கத்து வீட்டுப் பூவம்மாள் தோளைப் பிடிக்க, ரேணுகா இடுப்பைப் பிடித்துப் புரட்டினாள்.

முதுகில் ஒரு புண்கூட இல்லை.

ரேணுகாவின் மாமியார் இருபதே நாள் படுத்து, முதுகெல்லாம் குழி விழுந்து செத்தவள். அந்த வாடையில் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. இங்கே தோல் வழவழவென்று இருந்தது. இடுப்பெலும்பின் மேல் ஏதோ பசைபோலக் காய்ந்து, தண்ணீர் பட்டதும் மெல்லியதாக உரிந்து வந்தது.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி புரட்டிப் போடுவாரு," என்றாள் பூவம்மாள் தாழ்ந்த குரலில். "கத்தாழையைக் கசப்புப் போகக் கழுவி, உள்ளே இருக்கிற சோத்தை எடுத்து முதுகுல பூசுவாரு. மடல் தீந்துபோயி கடைசியில குருத்தையும் அறுத்துட்டாரு. பீ மூத்திரம் எல்லாம் அவருதான். என்னைக்கூடக் கிட்ட உடல. அந்தக் கோலத்துல உங்கக்காவை யாரும் பாக்கக் கூடாதாம்."

ரேணுகா மஞ்சளை எடுத்து அக்காவின் பாதத்தில் பூசினாள். வெகுநேரம் பூசிக்கொண்டிருந்தாள்.

வெளியே அர்ஜுனன் சைக்கிளோடு நின்றான். "கிளம்பட்டுமா?"

"போயி பூ வாங்கியாங்க."

பாடையில் கிடத்தியபோது வீரபத்திரன் எழுந்து வந்தார். குனிந்து, அக்காவின் முதுகுக்கடியில் கையைக் கொடுத்து இடப்பக்கமாகத் திருப்பினார். தூக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேணுகாம்பாள் மறுபக்கம் போய் உட்கார்ந்து, அக்காவின் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.