ஆறு கோடுகள்

வெடி வைப்பவன் கையைத் தூக்கியதும் வரிசையில் இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மண்ணில் நட்ட சென்சாருக்குக் காலடியும் சத்தம்தான். தரைக்கடியில் ‘தும்’மென்றது. அந்த அதிர்வு நிலக்கரிப் படுகை வரை போய்த் திரும்பும். கரிக்குள் மீத்தேன் வாயு அடைந்திருக்கும் இடத்திலிருந்து மட்டும் சோர்ந்துபோய் வரும்.

ஒவ்வொரு சென்சாருக்கும் வண்டியில் இருந்த திரையில் ஒரு கோடு. சென்சார் நடும் கூலிவேலை அவளுக்கு. அவள் நட்ட வரிசையில் ஆறு கோடுகள் சோர்ந்து கிடந்தன. மூன்று முறை வெடித்தும் அதே ஆறு.

“ஏம்மா, சரியா நடலையா?” வண்டிக்குள் இருந்த அதிகாரி திரும்பாமலே கேட்டார்.

“நல்லா அழுத்தித்தான் நட்டேன் சார். வந்து இழுத்துப் பாருங்க.”

அவர் ஷூ புதுசு. சேற்றில் இறங்க மனமில்லை. அவளே போய் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. ஆடியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ஆறுக்கும் நேர் கீழேதான் மதிய ஷிப்டு கரி வெட்டப்போகிறது. அவள் புருஷன் அந்த ஷிப்டு.

“சார், கீழ வாயு இருந்தா?”

“இருக்குன்னு எழுதினா துளை போட்டு அதை வெளியேத்தணும். மாசக்கணக்குல சுரங்கத்தை மூடணும். முதலாளிகிட்ட நீ போய்ச் சொல்றியா?”

பேசிக்கொண்டே ஆறு கோடுகளையும் நீக்கினார். காரணம் என்ற கட்டத்தில் ‘சென்சார் சரியாக நடப்படவில்லை’ என்று தட்டினார். இருபக்கக் கோடுகளைக் கொண்டு கணினி இடைவெளியை நிரப்பிக்கொண்டது. வரைபடம் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கேபிளைச் சுருட்டி முடித்த பிறகுதான் அவளை விட்டார்கள். சுரங்க வாசலுக்கு ஓடினாள். புருஷன் இறங்கும் வரிசையில் நின்று ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தான்.

“ஏங்க, இன்னைக்கு இறங்காதீங்க. என் வரிசைல வாயு காட்டுச்சு. அழிச்சுட்டாங்க.”

அவன் முகம் மாறியது. சுவரில் புதிதாக ஒட்டியிருந்த வரைபடத்தையும் கீழே இருந்த குறிப்பையும் விரல் வைத்துப் படித்தான்.

“நீ சரியா நடலன்னுல்ல போட்டிருக்கு?”

“நட்டேங்க. இழுத்துக்கூடப் பார்த்தேன்.”

“காலைல எந்திரிச்சதே லேட்டு, அரக்கப்பரக்க ஓடின. எங்கயோ கோட்டை விட்டிருப்ப.” அவனுக்கு மூச்சு சீரானது, சிரிக்கக்கூடச் செய்தான். “நாளைக்காவது பார்த்து நடு. வேலை போயிடப்போகுது.”

பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். ‘வெட்டும் இடத்தில் வாயு இல்லை என வரைபடம் பார்த்துத் தெரிந்துகொண்டேன்’ என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை அடுத்தவனிடம் கொடுத்தான்.