காலை முதல் ஸ்லாட்

1

இந்தக் கதையை ஒரு சாவு வீட்டிலிருந்து எடுத்து வந்தேன். யாரிடமும் கேட்டு எடுக்கவில்லை. கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் வளர்ந்தவன் நான். கல்லாவுக்குப் பின்னால் நின்று பழகிய கண், துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் சரக்கைத்தான் தேடும். கூடாரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தபோது, இறந்தவரின் மகன் கால்வின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பரீட்ச முடியற வரைக்கும் அக்காவுக்கு நாங்க சொல்லல அண்ணே."

அவன் அழுதான். நான் அவன் முதுகைத் தடவினேன். தடவிக்கொண்டே, இதை எங்கே தொடங்கலாம் என்று யோசித்தேன். என்னைப் பற்றி இதற்குமேல் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

2

முதல் தொடக்கம்: 'பெர்னிஸ் மடிக்கணினியைத் திறந்தபோது வெளியே மழை…'

பெர்னிஸ்தான் கால்வினின் அக்கா. மழை வேண்டாம். கோலாலம்பூரில் மழை எவன் கதையையும் எதிர்பார்த்துப் பெய்வதில்லை.

இரண்டாவது தொடக்கம்: 'வெளிநாட்டில் முதுகலை படிக்க ஜி.ஆர்.இ. என்றொரு தேர்வு உண்டு. மதிப்பெண் போதாவிட்டால் மறுபடியும் எழுதலாம். பெர்னிஸ் மறுபடியும் எழுதுவதா வேண்டாமா என்று…'

டியூஷன் சென்டர் விளம்பரம் மாதிரி இருக்கிறது. ஆனால் விஷயம் இதுதான், வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அவளுடைய அப்பா ரபேல் அங்கிளிடமிருந்து. இது நிற்கும்.

எங்கள் கடை ஷட்டர் பாதி ஏறும்போதே ரபேல் அங்கிள் குனிந்து உள்ளே வந்துவிடுவார். நாளின் முதல் வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்பினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்பது எங்கள் பயம். போனி ஆனால் போதும் என்று என் அப்பா அவர் கேட்ட விலைக்கே கொடுத்துவிடுவார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் குத்தினார்:

"சர்ச்சுக்குப் போறவருக்குப் போனியில நம்பிக்கையா?"

"எனக்கு இல்ல பாஸ். ஒங்களுக்கு இருக்குல்ல? அது போதும்."

மகள் தேர்வுக்குப் பதிவு செய்தபோதும் அங்கிள் பக்கத்தில்தான் இருந்தார். "காலைல மொத ஸ்லாட்ட எடும்மா. கம்ப்யூட்டருக்கும் அதான் போனி. கேட்டத குடுத்துரும்."

பெர்னிஸுக்கு மதியத்துக்குமேல்தான் மூளை விழிக்கும். இருந்தும், அப்பா ஆசைக்கு, முதல் ஸ்லாட்டை எடுத்தாள்.

[மேலே உள்ள வரியை அடிக்கோடிடக் கை துடிக்கிறது. கெட்டிக்கார வியாபாரி நல்ல துணியை விரித்துவிட்டு வாயை மூடிக்கொள்வான்.]

3

பெர்னிஸ் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி, ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். புள்ளியியல் படிக்க ஆசை. தேர்வு பங்சாரில். கைப்பேசியை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனாள்.

அதே காலையில் கிள்ளானில் ரபேல் அங்கிள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சரிந்தார். ஆஸ்பத்திரியில் வெகுநேரம் தாங்கவில்லை. தேர்வு மையத்துக்குச் சொல்லிவிடலாம் என்று அதன் எண்ணைக் கால்வின் தேடினான். அவன் அம்மா சாந்தமேரி கைப்பேசியை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அவ முடிச்சிட்டு வரட்டும்."

தேர்வு முடிந்ததும் திரை மதிப்பெண்ணைக் காட்டியது. ஆங்கிலம் பிரமாதம். கணக்கு இடறிவிட்டது. வெளியே வந்ததும் பெர்னிஸ் முதலில் அப்பாவைக் கூப்பிட்டாள். அம்மா எடுத்தார்.

"முடிஞ்சிருச்சா? நல்லா செஞ்சியாம்மா?"

"ஓகேலா. கணக்குதான் கொஞ்சம் சொதப்பிருச்சு. அப்பாகிட்ட குடு."

[இங்கே 'அப்பா தூங்குறாரு' என்று எழுதினேன். அடித்துவிட்டேன். சாந்தமேரி ஆன்டி அப்படிச் சொல்லவில்லை.]

"வீட்டுக்கு வந்து சொல்லிக்கலாம். சாப்ட்டியா?"

"இல்ல."

"சாப்ட்டுட்டு வா. நல்லா சாப்ட்டுட்டு வா.*"

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. சோறு இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தாள். பிறகு ரயில் ஏறினாள். தெருமுனையில் திரும்பியபோது வீட்டுக்கு முன்னால் கூடாரம் தெரிந்தது. பக்கத்து வீட்டில் விசேஷம்போல என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். அப்பாவைத் தொட்டபோது அவள் விரல்களில் ரச வாசனை போகவில்லை.

* செய்தி காதில் விழுந்தபின் அடக்கம் முடியும்வரை மகள் தொண்டையில் சோறு இறங்காது என்று ஆன்டிக்குத் தெரியும். அந்த நாளிடம் அவர் பேரம் பேசி வாங்கியது அந்த ஒரு சாப்பாட்டைத்தான்.

4

இங்கே நிறுத்துகிறேன். சாந்தமேரி ஆன்டி எனக்குப் பிடிபடவில்லை. முதல் வரைவில் அவரைக் கல்நெஞ்சக்காரி ஆக்கினேன். இரண்டாம் வரைவில் மாதா சிலை ஆக்கினேன். இரண்டும் பொய். அன்று கூடாரத்தில் அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "ஒங்கப்பா கடையில எடுத்த சட்டதான் தம்பி, அவருக்குப் போட்டுவிட்டிருக்கு."

இந்த மாதிரி ஓர் ஆளை நான் கற்பனையில் செய்ய முடியாது.

பெர்னிஸ் மட்டும் கொஞ்சம் புரிகிறாள். அப்பா போனபோது தான் எந்தக் கேள்வியில் இருந்தோம் என்பதுதான் அவளை அரிக்கிறது. ஆங்கிலத்திலா, கணக்கிலா? நேரம் கால்வினுக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை. கேட்டுவிட்டால், அந்த மதிப்பெண்ணில் எது அப்பா இருக்கும்போது எழுதியது, எது இல்லாதபோது எழுதியது என்று பிரிந்துவிடும்.

மதிய ஸ்லாட் எடுத்திருந்தால், என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். அவளும் தினமும் தொடங்குகிறாள். யாரும்…

5

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்த மாலை. கிள்ளான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி திறந்திருக்கிறது. திரையில் தேர்வு நாள்கள். காலை முதல் ஸ்லாட்டும் இருக்கிறது, மதியமும் இருக்கிறது. ஆன்டி தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"என்னம்மா பாக்குற?"

"மறுபடி எழுதலாமான்னு."

"அந்த மார்க்கு பத்தாதாமா?"

"பத்தாதுமா. நான் கேக்குற எடத்துக்குப் பத்தாது."

ஆன்டி சற்று நேரம் திரையைப் பார்த்தார். "அவங்ககிட்ட பேசிப் பாத்தியா? கொஞ்சம் கொறச்சுக்க மாட்டாங்களா?"

பெர்னிஸுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா போனபின் முதல் சிரிப்பு. நிமிர்ந்து அம்மா முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றது. அம்மா விளையாடவில்லை.

"அதெல்லாம் கொறைக்க மாட்டாங்கமா."

ஆன்டி தலையாட்டினார். மேசையில் இல்லாத ஈரத்தை முந்தானையால் துடைத்தார்.

"அப்ப அன்னைக்கு நான் ஒன்ன கூப்ட்டிருக்கலாம்."

6

இதற்கு பெர்னிஸ் சொன்ன பதிலை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஒரு முடிவு: மறுபடி எழுதுகிறாள், நல்ல மதிப்பெண், விமானம். அப்படியானால் அம்மா வாயை மூடிக் காத்த அந்தக் காலை வீணாகிவிடும்.

இன்னொரு முடிவு: பழைய மதிப்பெண்ணையே அனுப்புகிறாள், இடம் கிடைக்கவில்லை, அம்மாவிடம் "கொறச்சுக்கிட்டாங்கமா, நான்தான் போகல" என்று பொய் சொல்லி காப்புறுதி வேலையிலேயே இருக்கிறாள். இதை எழுதி ஒரு வாரம் வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக ஆன்டி முகமாகிக்கொண்டு வந்தது. கிழித்துவிட்டேன்.

ஆக, திரை இன்னும் திறந்திருக்கிறது. தேநீரில் ஆடை படிந்துவிட்டது. பெர்னிஸின் விரல் முதல் ஸ்லாட்டின்மேல் நிற்கிறது, அழுத்தவுமில்லை, எடுக்கவுமில்லை. அம்மா எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தக் கதையை முதலில் படிக்க வந்தவர் நீங்கள்தான். ஷட்டர் இப்போதுதான் பாதி ஏறியிருக்கிறது. உள்ளே வாருங்கள், குனிந்து வாருங்கள். நான் விலை சொல்லப்போவதில்லை. முடிவை நீங்கள் சொல்லுங்கள், அதற்கே தருகிறேன்.

அந்த அம்மா காதில் விழாமல் மெதுவாகச் சொல்லுங்கள்.